முந்நூறு

திருவாரூர்ப் பயிற்சிக் கூடத்தில்
ஒன்பதரைக்கே வருகைப் பதிவேடு சுற்றி வந்தது.
முன்தேர்வு, இருபது கேள்வி.
முத்துப்பேட்டை சபுரா சிஸ்டர் என் தாளைப் பார்த்தாள்,
நான் அவள் தாளைப் பார்த்தேன்,
இரண்டு பேருக்கும் ஒன்பதுதான்.

தேநீருக்குப் பின் மேசைகளை ஓரம் தள்ளி
விரிப்பு விரித்தார்கள்.
ரோஸ் சர்பத்தில் தண்ணீர் கலந்து
துணியில் கொஞ்சம், பஞ்சில் கொஞ்சம்,
தரையில் ஓடவிட்டுக் கொஞ்சம்.
"பிரசவம் முடிஞ்சுது. எவ்வளவு ரத்தம்? எழுதுங்க."
கேட்ட டாக்டர் பிரதீபாவுக்கு இருபத்தொன்பது வயதிருக்கும்.
நான் பத்தொன்பது வருடமாய்ப் பிரசவம் பார்ப்பவள்.
குனியக்கூட இல்லை. முந்நூறு என்று எழுதினேன்.
சபுரா இருநூற்றைம்பது.

அளவுக் குவளையைத் தூக்கிக் காட்டினாள்.
எண்ணூறு ஊற்றியிருக்கிறாள்.

சிரித்தோம். வேறென்ன செய்ய.
அதற்குள் விரிப்பில் எறும்பு ஏறிவிட்டது.

பின்தேர்வில் பதினெட்டு.
பதிவைப் புதுப்பிக்க ஆறு மணி நேரம் கணக்கில் சேர்ந்தது.
சான்றிதழ் மடியில், அதன்மேல் டிபன் பாக்ஸ்.
பாமணியாற்று மதகடியில் பேருந்து நின்றது,
எதிரே நெல் லாரி.
சுவரில் கறுப்பும் வெள்ளையுமாய் அடிக்கணக்கு.
லஸ்கர் ஒருவர் அதைக் குனிந்து படித்து
போனில் கத்திக்கொண்டிருந்தார்:
"நாலு புள்ளி ரெண்டு சார். இல்ல சார், நாலு புள்ளி ரெண்டு."
மேட்டூரில் திறந்தது எத்தனை கன அடி,
கடைமடைக்கு வந்தது எத்தனை என்று
டீக்கடையில் கிளாஸ் உடையும் ஊர் இது.
வாய்க்கால் நீரைக் கண்மதிப்பில் எழுதினால்
மறுநாள் சாலை மறியல்.

லாரி விலகியது. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி
ஒரு நிறுத்தம் போய்விட்டேன்.

அன்று இரவுப் பணி.
பீரோவிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்தேன்.
என் கையெழுத்துதான்.
முந்நூறு. முந்நூறு. இருநூற்றைம்பது. முந்நூறு.
இரட்டைப் பிள்ளை பெற்றவள்,
இரண்டு ராத்திரி வலித்தவள்,
கொடி சுற்றிப் பெற்றவள்
எல்லோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல
முந்நூறு.

வனரோசா, இருபத்துமூன்று, இரண்டாம் பிரசவம், ஆண்.
அவளுக்கும் அதே.
அன்று செல்லபாக்கியம் வாளியை
இரண்டு முறை கொட்டிவந்தது ஞாபகம் இருக்கிறது.
மூன்றாம் நாள் இரும்புச்சத்து மாத்திரை முப்பது
எண்ணிக் கொடுத்து அனுப்பினேன்.
அதை மட்டும் எண்ணினேன்.
நடவுக்குப் போனவள்
நாலு முடி நடுவதற்குள் வரப்பில் உட்கார்ந்தாளாம்.
மாமியார் சோம்பேறி என்றாள்,
மேஸ்திரி அரைக்கூலி என்றான்.
பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தபோது
"வேலைக்கு வளையமாட்டேங்குறியாமே" என்று
நானும் கேட்டேன்.
அவள் பதில் சொல்லவில்லை. படியேறி வந்ததில்
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெண் குழந்தை,
இரண்டு கிலோ எழுநூறு.
அளவுக் கோடு போட்ட பை இன்னும் வரவில்லை,
கேட்டு எழுதியிருக்கிறது.
பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு
பிளாஸ்டிக் தாள் விரித்து
அதே தராசில் அவள் நனைத்த துணிகளை வைத்தேன்.
"என்ன சிஸ்டர் இது?" செல்லபாக்கியம்
வாளியோடு நின்றுவிட்டாள்.
உலர்துணியின் எடையைக் கழித்தேன்.
கிராமுக்கு ஒரு மில்லி. திரும்பவும் கழித்தேன்.

குளுக்கோஸை வேகமாய் ஓடவிடச் சொல்லி,
வயிற்றில் கைவைத்து அழுத்திக்கொண்டே
டாக்டருக்குப் போன் போட்டேன்.

பதிவேட்டில்
கை தன் பழக்கத்தில் மூன்று போட்டது.
அடித்துவிட்டு எழுதினேன்: ஐந்நூற்று அறுபது.
அடித்தது தெரியட்டும்.
பக்கத்தில் கையொப்பமும் வைத்தேன்.